‘மர்மக் காய்ச்சலா டாக்டர்?’: மைக் முன் நிற்கப் போகிறவர்களுக்கு

நோய்ப் பரவல் நேரத்தில் செய்தியாளர்களைச் சந்திக்கச் சுகாதார அலுவலர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. அவர்கள் கேட்டவற்றில் சில கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

மேடம், ஒரே கிராமத்தில் காய்ச்சலில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வரவில்லை. வாசலில் கேமரா நிற்கிறது. முடிவு வரும்வரை பேசாமல் இருக்கலாமா? (வட்டார மருத்துவ அலுவலர்)

பேசுங்கள் டாக்டர். நீங்கள் வாய் திறக்காவிட்டால் ‘மர்மக் காய்ச்சல்’ என்பதுதான் தலைப்பு. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “மூன்று பேரை இழந்திருக்கிறோம். அந்தக் குடும்பங்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. என்ன காய்ச்சல் என்று இன்னும் தெரியவில்லை. ரத்த மாதிரிகளை அனுப்பியிருக்கிறோம். ஊர்ப் பள்ளியில் முகாம் நடக்கிறது. காய்ச்சல் இருந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், முகாமுக்கு வாருங்கள். மாலை 5 மணிக்கு இதே இடத்தில் மறுபடி பேசுகிறேன்.”

அப்புறம், அந்த 5 மணியைத் தவறவிடாதீர்கள். முடிவு வராவிட்டாலும் வந்து நின்று “இன்னும் வரவில்லை” என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறவர் சொல்வதை ஊர் நம்பும்.

‘தெரியாது’ என்றால் நம்மைத் திறமையில்லாதவர் என்று நினைக்க மாட்டார்களா?

எல்லாப் பயிற்சியிலும் வரும் கேள்வி இது. 2001 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவருக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கிருமி நோய் உறுதியானது. நாட்டின் சுகாதாரத் துறையை நடத்திய டாமி தாம்சன் செய்தியாளர்களிடம், இது தனித்த ஒரு நிகழ்வு என்றார். நோயாளி காட்டுப் பகுதியில் ஓடைத் தண்ணீர் குடித்ததையும் சேர்த்துச் சொன்னார். அந்த நோயாளிக்கு வந்ததோ மூச்சு வழியாகத் தொற்றும் வகை. மறுநாளே அவர் இறந்தார். தபால் உறைகளில் யாரோ கிருமியை அனுப்பியது பின்னால் தெரியவந்தது. மொத்தம் 22 பேருக்கு நோய், 5 பேர் மரணம். மக்களைப் பதற்றமில்லாமல் வைத்திருக்கத்தான் அவர் நினைத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஓடைத் தண்ணீர் என்ற ஒரு வார்த்தை இன்றுவரை வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அவசரகாலத் தகவல் தொடர்புக்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கியது.

‘தெரியாது’ என்பதோடு நிறுத்தினால்தான் ஆபத்து. தெரிந்துகொள்ள என்ன செய்கிறோம், எப்போது சொல்வோம் என்ற இரண்டையும் சேருங்கள்.

சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் உடனே அறிவித்து மக்களை நிம்மதியாக்கலாமே? (சுகாதார ஆய்வாளர்)

அறிவியுங்கள், ஆனால் எதில் இல்லை என்று சொல்லுங்கள். 2018 மே மாதம் கோழிக்கோடு பேராம்பிரைப் பகுதியில் நிபா வந்தபோது முதலில் பிடித்த வௌவால்களில் வைரஸ் இல்லை. ‘வௌவால் காரணமில்லை’ என்று செய்தி ஓடியது. அவை பூச்சி தின்னும் வௌவால்கள். பிறகு பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோது வைரஸ் இருந்தது. “இந்த மாதிரிகளில் இல்லை, சோதனை தொடர்கிறது” என்பதுதான் சரியான வாக்கியம்.

ஒத்திகை எப்படிப் பார்ப்பது மேடம்? எங்களிடம் ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. (மாவட்ட சுகாதார அலுவலர்)

ஒரு செல்போன் போதும். நான்கு பேர் செய்தியாளர்களாக நின்று ஒரே நேரத்தில் கத்திக் கேட்கட்டும், ஒருவர் படம் பிடிக்கட்டும். ஒரு பயிற்சியில் இளம் மருத்துவர் ஒருவர் தாளைப் பார்த்து மரண எண்ணிக்கையை வாசித்தார். வீடியோவைப் போட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ‘இரண்டு குழந்தைகள்’ என்று சொல்லும்போது அவர் உதட்டில் சிரிப்பு. பதற்றத்தில் வந்த சிரிப்புதான். அது பெற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அன்று மாலைக்குள் ஐந்து முறை திரும்பப் பேசினார். ஐந்தாவது முறை தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சொல்ல வந்ததை 27 சொல்லில், 9 விநாடிக்குள், 3 செய்தியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணக்கு இந்தத் துறையில் உண்டு. தமிழில் சொற்கள் நீளம், 27 சொல்லைச் சொல்ல 9 விநாடி போதாது. அதனால் 3 செய்தியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

நோயாளியின் பெயர், தெரு கேட்கிறார்களே? (செவிலியர்)

கொடுக்காதீர்கள். அவர்களுக்குத் தேவை ‘எனக்கு ஆபத்தா’ என்பதற்கான பதில். 2020 மார்ச்சில் கேரளாவின் பத்தனம்திட்டா மாவட்ட நிர்வாகம், கொரோனா தொற்றுள்ளவர்கள் போன இடங்களையும் நேரத்தையும் பெயரில்லாமல் வரைபடமாக வெளியிட்டது. அந்த இடங்களுக்குப் போனவர்கள் தாங்களே அழைக்க முடிந்தது.

மேலிடத்து அனுமதி இல்லாமல் பேசவே கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?

அனுமதி தேவைதான், விதியை மீறச் சொல்லவில்லை. ஆனால் அதை மரணம் நடந்த இரவில் கேட்காதீர்கள். யார் பேசுவது, அவர் இல்லாவிட்டால் யார், முதல் ஒரு மணி நேரத்தில் எதைச் சொல்லலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.