மூன்று வாத்துகளும் ஒரு கொப்பித்தாளும்

அன்புள்ள ஐயா,

பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்கு மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல். இந்த முறை பொங்கலுக்கு நாலு நாள் முந்தி, காலையில் தண்ணீர் பார்க்கப் போனபோது குளக்கட்டுக்குக் கீழே மூன்று பெரிய பறவைகள் மேய்ந்துகொண்டு நின்றன. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலையில் இரண்டு கறுப்புக் கோடு. கிட்டத்தட்ட வீட்டு வாத்தின் அளவு. போனில் எடுத்த படத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிதான் தெரிகிறது. ஆனால் என்னோடு வந்த மகள் (எட்டாம் ஆண்டு படிக்கிறாள்) வீட்டுக்கு வந்த கையோடு கொப்பியில் கீறிவிட்டாள். பிறகு, பறவைகள் தெரிந்த ஒருவரிடம் காட்டினோம். "இது வரித்தலை வாத்து. இந்தப் பக்கம் வராது. ஆரோ வளர்த்ததாக இருக்கும்" என்றார். மகளின் முகம் சுருங்கிப் போயிற்று. அவள் கீறியதை இத்துடன் அனுப்புகிறேன். இதைப் பதிவாக எடுப்பார்களா?

இன்னொன்று. ஐப்பசியில் ஒரு இரவு, பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கலந்த, வாலே இல்லாத மாதிரி ஒரு குருவி குசினிக்குள் வந்து சுவரில் அடிபட்டு விழுந்தது. கூடாத சகுனம் என்கிறா அம்மா. அப்படியா?

வ., கொக்கட்டிச்சோலை

•

அன்புள்ள வ. தம்பிக்கு,

உங்கள் மகளின் படத்தை நாலு தரம் பார்த்தேன். நீங்கள் கடிதத்தில் எழுதாத இரண்டு விஷயம் அதில் இருக்கிறது. கழுத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைப் பட்டை. சொண்டின் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு. தலைக் கோடுகளிலும் மேலுள்ளதை ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண் வரை நீளமாக இழுத்து, பிடரியில் உள்ளதைக் கட்டையாக விட்டிருக்கிறாள். வரித்தலை வாத்துக்கு அப்படித்தான். இதையெல்லாம் மனதால் கட்டிக் கீற முடியாது. அவள் கீறி முடித்த பிறகுதான் அந்த நண்பர் பெயரே சொல்லியிருக்கிறார். பெயர் தெரிந்த பிறகு போனில் படம் தேடிப் பார்த்துக் கீறியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

நண்பருக்கு வந்ததும் நியாயமான சந்தேகம்தான், அவரோடு கோபிக்க வேண்டாம். நம்முடைய ஊரில் தாரா (duck) வேறு, வாத்து (goose) வேறு. தமிழ்நாட்டுப் பறவைப் புத்தகங்களில் இரண்டுமே வாத்து. அதனால் "வரித்தலை வாத்து" என்றதும் நம்மாளுக்கு வீட்டு முற்றத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு துரத்துகிற வாத்து ஞாபகத்துக்கு வரும். அதற்குத் தலையில் கோடு கிடையாது. கூட்டிலிருந்து தப்பிய வளர்ப்புப் பறவையா என்பது வேறு விஷயம். அதற்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது. வரம்பில் நீங்கள் நடந்தபோது எத்தனை யார் தூரத்தில் அவை எழும்பின? காலில் வளையம் ஏதும் இருந்ததா? சிறகு முழுசாக இருந்ததா? மனிதரைக் கண்டு வெகு தூரத்திலேயே எழும்பியிருந்தால் நான் காட்டுப் பறவை என்றே எடுப்பேன்.

"இந்தப் பக்கம் வராது" என்றதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. திபெத், மங்கோலியா, லடாக் பக்கத்து உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, மாரிக்கு இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வருகிற பறவை இது. செய்மதிக் கருவி கட்டிப் பார்த்தபோது ஒரு பறவை 7,290 மீற்றர் உயரத்தில் பறந்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு இவை வருவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அங்கிருந்து உங்கள் வயலுக்கு ஆகாய வழியில் 450 கிலோமீற்றர்தான் வரும். இமயத்தைத் தாண்டினதுக்கு இது என்ன பெரிய தூரம்? வழக்கமாக இங்கே வருவதில்லை என்பது சரி. வழி தவறிய மூன்று, ஒரு மாரிக்கு வந்து நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம்முடைய பக்கத்துக்கு ஒரு தனிக் கதையும் உண்டு. பறவை பார்க்கிறவர்கள் வழமையாகப் போவது மன்னாருக்கும் புந்தலவுக்கும். யுத்த காலத்தில் வாவிக்கு மேற்கே உள்ள நம்முடைய படுவான்கரை வயல்வெளிகளுக்குள் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆர் போவது? அதைக் கண்ணில் வைத்தால் பறவை பார்க்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியுமா? கிழக்கில் உள்ள குமண பறவைச் சரணாலயமே 1985 முதல் 2003 வரை பூட்டிக் கிடந்தது. அந்தக் குமணைக்கு 2010இல் ராம்சார் (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்) அங்கீகாரம் கிடைத்தது. இலங்கையின் ஆறு ராம்சார் இடங்களில் மட்டக்களப்பு வாவி இன்றைக்கும் இல்லை. ஆகவே இந்தப் பக்கத்துக்கு "பதிவு இல்லை" என்று ஒருவர் சொன்னால், பறவை வரவில்லை என்று நான் எடுப்பதில்லை, பார்க்க ஆள் வரவில்லை என்றுதான் எடுப்பேன்.

இதைச் சொல்கிற நானே ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டவன். இருபது வருடத்துக்கு முந்தி, பொத்துவில் போகிற பஸ்ஸில், கோமாரிக்குக் கிட்டக் களப்போரத்தில் பத்துப் பன்னிரண்டு உயரமான பறவைகளைக் கண்டேன். உடம்பில் ரோஸ் நிறம் தெரிந்தது. பூநாரைக் கூட்டம் என்று முடிவு கட்டி, அன்றிரவே ஒரு பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். அச்சிலும் வந்தது. ஒரு கிழமை கழித்து அக்கரைப்பற்றிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தபாலட்டை போட்டிருந்தார். ஒரே ஒரு வரி: "சொண்டு நடுவில் முறிந்து வளைந்திருந்ததா, நீளமாய் மஞ்சளாய் இருந்ததா?" நான் சொண்டைப் பார்க்கவே இல்லை. ரோஸ் நிறத்தைக் கண்டதும் மற்றதெல்லாம் மறந்து போயிற்று. மஞ்சள்மூக்கு நாரைக்கும் வாலடிப் பக்கம் அந்த ரோஸ் நிறம் உண்டு. நம்முடைய குளங்களில் வருடம் முழுக்க நிற்கிற பறவை. நான் கண்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

பதிவுக்கு வருவோம். பறவை கண்டவர்கள் பதிவு போடுகிற இ-பேர்ட் (eBird) செயலியில் போடலாம், இலவசம். அரிய பறவை என்றால் அது உடனே விபரம் கேட்கும், பிறகு அந்தப் பிரதேசத்துக்குப் பொறுப்பான ஒருவர் பார்த்து முடிவு சொல்வார். அங்கே பெயரை மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள். எத்தனை மணி, வெயில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எந்தத் திசைக்குப் போயின, கண்ணால் கண்டது எது, பிறகு ஊகித்தது எது என்று பிரித்து எழுதுங்கள். அந்த மூன்று வெள்ளைப் புள்ளிப் படத்தையும் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மகளின் படத்தையும் அப்படியே போனில் எடுத்துச் சேருங்கள். நிராகரித்தாலும் நிராகரிக்கலாம். அப்படியானால் மகளுக்கு முதலே சொல்லி வையுங்கள்: அது அவள் கண்டது பொய் என்ற தீர்ப்பு ஆகாது.

ஒரு விஷயத்தில் எனக்கு உங்களோடு கொஞ்சம் மனத்தாங்கல். கடிதம் முழுக்க அந்த மூன்று பறவைதான். அன்றைக்கு அந்த வயலில் வேறொன்றும் இல்லையா? தை மாதத்தில் படுவான்கரை வயலுக்கு மேலே மீசை ஆலா பறக்காமல் இருக்காது. வெள்ளையாய், மெலிசாய், கதிருக்கு மேலே தாழப் பறந்து சட்டென்று குத்தி எழும்புமே, அது. இங்கே நிற்கும் காலமெல்லாம் மீசை தெரியாது. பங்குனிக்குப் பிறகு, திரும்பிப் போகிற நேரத்தில்தான் வயிறு கறுத்து, கன்னத்தில் வெள்ளை மீசை எடுத்துக் காட்டும். மாப்பிள்ளைக் கோலம் போட்டதும் ஊரை விட்டுப் போய்விடுகிற ஆள்.

வாவியையும் பாருங்கள். மாரி வெள்ளம் வயலுக்குள் ஏறி, முகத்துவாரத்தை வெட்டிவிட்டால், தண்ணீர் கடலுக்கு இறங்கி, கரையோரச் சேறு வெளியே வரும். அதற்குத்தான் தூரத்து ஆட்கள் காத்திருப்பார்கள். நீளச் சொண்டைக் கண் வரைக்கும் சேற்றுக்குள் விடுகிற கருவால் மூக்கன், பச்சைக்காலி, சைபீரியத் தரையிலிருந்து வருகிற பொன்னிற உப்புக்கொத்தி. நம்மாட்கள் எல்லாவற்றையும் "உள்ளான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வாவிக்கரையில் தோணிக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார், "என்ன மனே, உள்ளானை எண்ணுறதுக்கும் சம்பளம் தாறாங்களா?" சம்பளம் இல்லை. ஆனால் 1987 முதல் ஒவ்வொரு தை மாதமும் ஆசியா முழுக்க நீர்ப்பறவைகளை எண்ணித்தான் வருகிறார்கள். நீங்கள் ஒவ்வொரு தையிலும் உங்கள் குளத்தில் நிற்கிற கொக்கையும் நீர்க்காகத்தையும் எண்ணி வைத்திருந்தால், நாளைக்கு ஒரு வரித்தலை வாத்தைச் சொல்லும்போது "இந்த மனிசனுக்குக் கண் உண்டு" என்று அந்த எண்ணிக்கையே சாட்சி சொல்லும்.

இனி அம்மாவின் குருவி. அது ஆறுமணிக்குருவி. வால் இருக்கிறது, மிகவும் கட்டை. காலையும் மாலையும் ஆறு மணியளவில் விசிலடிக்கிற மாதிரிக் கூப்பிடும், அதனால் அந்தப் பெயர். இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசியில் இங்கே வந்து சேரும். பயணம் இரவில். அவ்வளவு தூரம் வந்து களைத்திருக்கிற நேரத்தில் வெளிச்சத்தைக் கண்டு வீட்டுக்குள் நுழைந்து அடிபடும். உங்கள் குசினி லைற் அன்றிரவு எரிந்திருக்கும், சகுனம் என்றால் அதுதான் சகுனம். அடுத்த முறை வந்தால் காற்றுப் போகத் துளையிட்ட ஒரு மட்டைப் பெட்டிக்குள் வைத்து, இருட்டில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குள் போய்விடும். விடிய, பற்றைக்குள் பெட்டியைத் திறந்தால் தானாகப் போகும். அன்றைக்கு அடிபட்டு விழுந்த குருவிக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

மகளின் படத்தில் ஒரே ஒரு குறை, மூலையில் திகதி இல்லை. பென்சிலாலேயே போடச் சொல்லுங்கள், நேரத்தையும் இடத்தையும் சேர்த்து. அன்றைக்கு வயலில் வேறு என்னென்ன நின்றன என்பதையும் அவளிடமே கேட்டுப் பாருங்கள். நீங்கள் தண்ணீரைத்தான் பார்த்திருப்பீர்கள்.