விரைவு நுண்ணுயிர்ப் பரிசோதனை இயந்திரம் வாங்கிவிட்டால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் பெட்ரித் தட்டு இனி எதற்கு?

தட்டு வேண்டும், முன்பைவிடக் குறைவாக. யூஹெச்டி பால் (மிக அதிகச் சூட்டில் சில நொடி காய்ச்சி, காற்றுப் புகாமல் அடைத்த பால்) ஆலை ஒன்றின் லேபில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் பேட்சுக்குப் பேட்ச் பாக்கெட்டுகளை ஐந்து நாள் இன்குபேட்டரில் (கிருமி வளரும் கதகதப்பில் வைக்கும் பெட்டி) வைத்து, அப்புறம் தட்டில் ஊற்றி, காலனி வருகிறதா என்று இன்னும் இரண்டு மூன்று நாள் பார்ப்போம். அதுவரை சரக்கு குடோனில் 'ஹோல்டு' சீட்டோடு கிடக்கும். டிஸ்பாட்ச் அண்ணன் தினமும் லேப் வாசலில் வந்து நிற்பார்: "என்ன மேடம், விடலாமா?"

இயந்திரம் வந்தபின் 30 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தால் போதும். பிறகு சில துளிகளை 96 குழித் தட்டில் விட்டு உள்ளே தள்ளினால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிவு தயார். உள்ளே வேலை செய்வது மின்மினிப் பூச்சியின் சரக்கு. உயிருள்ள செல்லில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு இருக்கும். அது மின்மினியின் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற என்சைம் இரண்டோடும் சேர்ந்தால் ஒளி வரும். இயந்திரம் அந்த ஒளியை அளக்கிறது. மாட்டுச் செல்களிலிருந்தும் பாலில் ஏடிபி வந்துவிடும் என்பதால், அதை முதலில் ஏபிரேஸ் என்ற என்சைம் போட்டுத் தீர்த்துவிடுவோம்.

கிருமி வளர நேரம் கொடுப்பதை இயந்திரத்தால் அடியோடு தவிர்க்க முடியாது. வளர்ந்தது நம் கண்ணுக்குப் படும்வரை காத்திருந்தோமே, அதில்தான் நாள் மிச்சமாகிறது. "48-ஐ 12 ஆக்கலாமா?" என்று கேட்காத மேனேஜரை நான் பார்த்ததில்லை.

ஒரு நைட் ஷிஃப்டில் எல்லா சாம்பிளிலும் ஒளி குறைவு, அத்தனையும் சுத்தம் என்று முடிவு. சந்தோஷப்படுவதற்கு முன் பாசிட்டிவ் கண்ட்ரோலை, அதாவது ஒளி வந்தே ஆக வேண்டும் என்று தெரிந்தே வைக்கும் சாம்பிளைப் பார்த்தேன். அதிலும் வழக்கமான ஒளியில் பாதிக்குக் கீழே. புதுப் பையன் ரியேஜெண்டை (ஒளி வரவைக்கும் என்சைம் கலவை) ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, குளிரோடு அப்படியே மாட்டியிருக்கிறான். குளிர்ந்த என்சைம் மந்தமாகத்தான் வேலை செய்யும். சாக்லேட் பாலில் இன்னொரு தொல்லை: அதன் நிறமே ஒளியை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு ரகத்துக்கும் தனியாக வேலிடேஷன் செய்தோம், அதாவது முடிவு சரியாக வருகிறதா என்று முன்கூட்டியே சோதித்து உறுதி செய்தோம்.

ஒளி கூடுதலாக வந்தால்? 'ஏதோ இருக்கிறது' என்பதோடு இயந்திரம் நிறுத்திக்கொள்ளும். எது என்று தெரிய பெட்ரித் தட்டும், பாக்டீரியாவை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமும்தான் வழி. ஸ்போர் (சூட்டைத் தாங்கும் உறங்குநிலை) உண்டாக்கும் பேசில்லஸ் பாக்டீரியா என்றால் சூடாக்கும் பகுதியைச் சந்தேகிப்போம். சூட்டில் எளிதில் செத்துவிடும் கிராம் நெகட்டிவ் வகை என்றால் பாக்கெட் சீலில் கசிவைத் தேடுவோம்.

இன்னொன்று, ரியேஜெண்ட் செலவு மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து சாம்பிள்தான் என்றால் அந்தக் காசில் நல்ல இன்குபேட்டராக வாங்குங்கள்.