சித்திரை வெயில்லயும் சீலிங் ஈரமா இருக்கா?

வீடு கட்டறது, பழுது பாக்கறது பத்தி இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல தண்ணி விவகாரம்தான். ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு தை பொறந்தா போதும், உரிஞ்ச பெயின்ட் போட்டோவா வந்து குவியும், வருஷா வருஷம் இதே கதைதான். இடம் இருக்கற வரைக்கும் பதில் சொல்லிருக்கேன்.

வாசகி, தஞ்சாவூர்: வீடு கட்டி 14 வருஷம் ஆச்சு சார். மாடி ரூம் சீலிங்ல ஒரு மூலைல ஈரம் ஊறி வெள்ளையா உப்பு பூக்குது. மூணு வருஷத்துக்கு முன்னாடி மொட்டை மாடில வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சோம். ஒரு மழைக்கு தாங்குச்சு, இப்ப மறுபடி ஆரம்பிச்சிருச்சு. இப்ப வந்து பாத்தவர் மாடி முழுக்க கூல் டைல்ஸ் ஒட்டுனாதான் நிக்கும், ஒன்றரை லட்சம் ஆகும்ங்கறார். ஒட்டிடலாமா?

இப்போதைக்கு வேணாம்மா. பெயின்ட் அடிச்சவரும் சரி, டைல்ஸ் சொல்றவரும் சரி, தண்ணி எங்கருந்து வருதுன்னு உங்களுக்கு சொல்லவே இல்ல, அது தெரியாம மேல எதை ஒட்டுனாலும் குருட்டாம்போக்குதான்.

சமையல் ரூம்ல தொங்குற காலண்டர எடுங்க. மழை பெஞ்ச நாளுக்கு ஒரு கோடு, சீலிங் ஈரமா தெரியுற நாளுக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான் வேலை. மழைக்கு அப்புறம் ஈரம் ஏறி பத்து நாள்ல காஞ்சுட்டா அது மாடி வழியா எறங்குற மழைத்தண்ணி. சித்திரை வெயில்லயும் அந்த மூலை ஜில்லுனு இருந்தா அது மழையே இல்ல, உங்க வீட்டு பைப்புதான். கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டுல இப்படித்தான், மூணு தடவை மாடிக்கு வாட்டர்ப்ரூஃப் மருந்து அடிச்சிருக்காங்க, நான் போய் மேல ஏறி பாத்தா தளம் காஞ்சு கருவாடா கெடக்கு, கீழ மட்டும் சொட்டுது. டேங்க்குக்கு அடியில செங்கல் மேடை கட்டி பைப்ப அதுக்குள்ள விட்டு பூசி மூடிருக்காங்க, அத ஒடச்சா உள்ள பைப் திரும்புற மூலைல மாட்டற ஒரு எல்போல மயிரிழை விரிசல், டேங்க் ரொம்பி பிரஷர் ஏறுற நேரத்துல மட்டும் கசியும். அம்பது ரூபா சாமான். அதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்காரர் மருந்துக்கே அறுபதாயிரம் அழுதுட்டார்.

சரி, உங்களது மழைத்தண்ணிதான்னு உறுதியாச்சுன்னு வச்சுக்குவோம். மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு மாடிக்கு போய் எங்கெங்க தண்ணி தேங்கி நிக்குதோ அத சுத்தி சாக்பீஸால வளைச்சு கோடு போட்டு வைங்க. வாட்டம் 100க்கு 1 இருக்கணும், அதாவது பத்தடிக்கு ஒன்னேகால் இன்ச் சரிவு. அப்புறம் வெயில் நாளா பாத்து வடிகால் பைப் வாயெல்லாம் துணியும் களிமண்ணும் வச்சு அடைச்சுட்டு, மாடிய நாலஞ்சு பாத்தியா பிரிச்சு கலவைல வரப்பு போட்டு, ஒவ்வொரு பாத்தியிலயும் தனித்தனியா ரெண்டு இன்ச் தண்ணி நிறுத்தி 48 மணி நேரம் விட்டுட்டு கீழ வந்து பாருங்க. பாத்தி கட்டி தண்ணி நிறுத்தறத தஞ்சாவூர்க்காரங்களுக்கு நான் சொல்லித் தர வேணாம். எந்த பாத்தில தண்ணி இருக்கும்போது சீலிங் நனையுதோ அங்கதான் கோளாறு. சொட்டுற இடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்கும்னு மட்டும் நம்பிடாதீங்க, மாடி மேல பதிச்ச தட்டோட்டுக்கு அடியில இருக்கற சுருக்கி, அதாவது செங்கல் சுண்ணாம்பு கலவை, அதுக்குள்ள தண்ணி பத்தடி நடந்து போய் அப்புறம்தான் எறங்கும்.

என் அனுபவத்துல தளத்தோட நடுவுல ஓட்டை இருக்கறது கம்மி. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை, வடிகால் பைப்ப சுத்தி பூசுன இடம், அப்புறம் டிஷ் ஆன்டெனா மாட்ட எவனோ ட்ரில் போட்ட நாலு ஓட்டை, பெரும்பாலும் இதுல ஒன்னுதான். அந்த இடத்த மட்டும் கொத்தி எடுத்து, மூலைய உருட்டா பூசி, மேல கோட்டிங் அடிச்சா பல வீட்டுல வேலை முடிஞ்சிரும். தண்ணி தேங்குதுன்னா அந்த பக்கம் தட்டோட்ட பேத்து வாட்டம் கொடுத்து திருப்பி போடணும், ஏன்னா தேங்குற தண்ணிக்கு அடியில எந்த அக்ரிலிக் பெயின்டும் ரொம்ப நாள் ஒட்டி நிக்காது. உங்க பெயின்ட் ஒரு மழையோட போனதுக்கு பெயின்ட் மேல தப்பு இருக்கணும்னு இல்ல. கூல் டைல்ஸ் வெயிலுக்கு அருமையான பொருள், கால் வச்சாலே தெரியும், ஆனா ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல இருக்கற சந்து வழியா தண்ணி எறங்கும், வாட்டம் சரியில்லாத மாடில அத ஒட்டுனா கோளாறு மூடிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்னு, இத தள்ளிப் போடாதீங்க. உப்பு பூத்த இடத்துல சுத்தியலால லேசா தட்டிப் பாருங்க. டங்குனு கெட்டியா கேட்டா பயமில்ல. பொத்துனு வெத்து சத்தம் கேட்டா உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கலாம். துரு, இரும்ப விட ரெண்டு மூணு மடங்கு எடம் புடிக்கும், அதனால காங்கிரீட்ட தள்ளி தள்ளி பேத்துரும். அப்படி இருந்தா மேல பூசி மறைக்க விடாதீங்க. உதிர்றதெல்லாம் கொத்திட்டு, கம்பிய பின்பக்கம் வரைக்கும் தேச்சு, துரு தடுக்கற பிரைமர் அடிச்சு, பாலிமர் கலவை வச்சு மூடணும். கம்பி இளைச்சு போயிருந்தா ஒரு இன்ஜினியர் நேர்ல வந்து பாக்காம எதுவும் செய்யக்கூடாது.

வாசகர், சென்னை: ரோடு மேல ரோடு போட்டு எங்க வாசல் இப்ப தெருவ விட ஒன்றரை அடி கீழ இருக்கு. உள்ள சுவர்ல மூணடி உயரத்துக்கு ஓதம் ஏறி பெயின்ட் பொரிபொரியா உதிருது. அந்த உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிடலாமா? இல்ல ஜாக்கி வச்சு வீட்டையே தூக்கறாங்களே, அத பண்ணலாமா?

பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுதான் புது ரோடு போடணும்னு 2021லயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாச்சு. அடுத்த தடவை ரோடு போட வண்டி வந்தா தெருக்காரங்க நாலு பேரா போய் நில்லுங்க.

டைல்ஸ் வேணாம். கீழருந்து ஏறுற ஈரத்துக்கு வெளிய வர வழி வேணும், மூணடிய மூடிட்டா நாலாவது அடில போய் பூக்கும். வெளிப்பக்கம் சுவர ஒட்டி மண்ணு, பூந்தொட்டி, சிமென்ட் தரை எதாவது உள்தரைய விட உசரமா இருக்கானு மொதல்ல பாருங்க. இருந்தா அத எடுத்து தண்ணி வெலகி ஓட வழி பண்ணுங்க. அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்தா அதையும் சந்தேகப்படுங்க. அப்புறம் ஓதம் தெரியுற கோட்டுக்கு மேல ஒரு அடி வரைக்கும் பூச்ச கொத்தி எடுத்துட்டு வெறும் செங்கல்லா விட்டு ஒரு கோடை முழுக்க காய விடுங்க, பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், சொந்தக்காரங்க கேப்பாங்க, இருக்கட்டும். காஞ்சப்புறம் செங்கல்ல ட்ரில் போட்டு ஓதம் தடுக்கற கெமிக்கல் ஏத்தி சுண்ணாம்பு பூச்சு பூசிக்கலாம்.

ஜாக்கில தூக்கறது ஏமாத்து வேலை இல்ல, நூத்துக்கணக்குல ஜாக்கி வச்சு மூணு நாலு அடி தூக்கறத நானே நின்னு பாத்திருக்கேன். ஆனா சதுர அடிக்கு இவ்வளவுன்னு அவங்க சொல்ற ரேட்டோட கணக்கு முடியாது. தூக்குனப்புறம் உள்ள மண்ணு அடிச்சு தரை புதுசா போடணும், தண்ணி பைப், ட்ரெய்னேஜ், படிக்கட்டு எல்லாம் மாத்தணும், அத்தனை நாள் வாடகை வீடு வேற. அந்த மொத்தத்தையும் கூட்டிப் பாத்துட்டு சொல்லுங்க. நாப்பது வருஷம் தாண்டுன வீடுன்னா நான் தூக்க சொல்ல மாட்டேன்.

வாசகர், திண்டுக்கல்: அடுத்த வாரம் ரூஃப் காங்கிரீட். கொத்தனார் கலவை ஓடணும்னு தண்ணிய ஊத்திக்கிட்டே இருப்பார், லின்டல் போடும்போதே பாத்தேன். எவ்வளவு தண்ணி சரி?

50 கிலோ மூட்டைக்கு சுமார் 25 லிட்டர். மணல் ஈரமா இருந்தா அதுக்கு தகுந்த மாதிரி இன்னும் கொறைக்கணும். மெஷின் பக்கத்துல ஒரு பக்கெட்ல பெயின்ட்ல கோடு போட்டு குடுத்துடுங்க, அத தவிர வேற பக்கெட் அங்க இருக்கக்கூடாது. ஓடணும்னா தண்ணி சேக்காமயே கலவைய எளக்கற பிளாஸ்டிசைசர் மருந்து ஊத்தட்டும், கலவைய அதிர வச்சு எறக்கற வைப்ரேட்டர் விடட்டும். மிச்சத் தண்ணி ஆவியாகிப் போன எடமெல்லாம் பொடி ஓட்டையா நிக்கும், மேல தஞ்சாவூர் அம்மா வீட்டு சீலிங் கதை பல வீட்டுல அங்கதான் ஆரம்பிக்குது.

போடுற அன்னிக்கு காலைல நீங்களே மேல ஏறி, கம்பிக்கு அடியில அத தூக்கி நிறுத்தற 20 எம்எம் கவர் பிளாக் கட்டை இருக்கா, இல்ல ஜல்லிய சொருகி வச்சிருக்காங்களானு குனிஞ்சு பாருங்க. சட்டிய தூக்கிட்டு ஆளுங்க மேல் கம்பிய மிதிச்சுக்கிட்டே போவாங்க, பலகை போட சொல்லுங்க. இப்ப கடைல கெடைக்கற சிமென்ட் பெரும்பாலும் பிபிசி, அதாவது சாம்பல் மாதிரி பொருள் கலந்த சிமென்ட், காங்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456 படி அதுக்கு கொறஞ்சது 10 நாள் தண்ணி நிக்கணும், நம்ம வெயிலுக்கு 14 நாளே வைங்க. முட்டு பிரிக்கறதுல கொத்தனார் அவசரப்படுவார், சென்ட்ரிங் வாடகை அவருக்கு ஓடுதுல்ல. சிலாப்புக்கு 14 நாள், பெரிய பீம் இருந்தா 21 நாள், அதுக்கு முன்னாடி கை வைக்க விடாதீங்க.

வாசகி, திருப்பூர்: குடி போயி ஆறு மாசம்தான் ஆச்சு. பில்லர ஒட்டி மேலருந்து கீழ வரைக்கும் நேரா கோடு கிழிச்ச மாதிரி விரிசல். பயமா இருக்கு.

பயப்படாதீங்க. காங்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு வேற வேற மாதிரி விரியும் சுருங்கும், ரெண்டும் சேர்ற எடத்துல பூச்சுக்கு முன்னாடி கோழி வலை அடிச்சிருக்கணும், அடிக்கல, அவ்வளவுதான். ஒரு கோடை போகட்டும், அப்புறம் அந்த எடத்துல ஆறு இன்ச் அகலத்துக்கு பூச்ச எடுத்துட்டு வலை அடிச்சு பூசுங்க. ஜன்னல் மூலைலருந்து சாய்வா, படி மாதிரி ஏறுற விரிசல்தான் வேற கதை. அப்படி ஒன்னு இருந்தா அது மேல சின்ன கண்ணாடித் துண்ட ரெண்டு ஓரமும் சிமென்ட் வச்சு ஒட்டி தேதி எழுதி வைங்க, கண்ணாடி ஒடஞ்சா சுவர் இன்னும் நகருதுனு அர்த்தம், ஒடனே இன்ஜினியர கூப்பிடுங்க.

வாசகர், துபாய்: புதுக்கோட்டைல வீடு கட்டுறோம். சதுர அடி ரேட்டுக்கு பேசினது. பணம் முக்காவாசி போயிருச்சு, பூச்சு வேலை இன்னும் தொடங்கல, கான்ட்ராக்டர் போன் எடுக்க மாட்டேங்கறார்.

சண்டைக்கு முன்னாடி கணக்கு. அந்த வேலைல சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியர வச்சு இதுவரை ஆன வேலைய அளந்து எழுதி, போட்டோவோட கையெழுத்து வாங்குங்க. அத கையில வச்சுக்கிட்டு வீட்டுப் பெரியவங்க ரெண்டு பேர கூட்டிட்டு போய் பேசுனா பல நேரம் ஆள் எறங்கி வருவார், ஏன்னா அவருக்கும் ஊருக்குள்ள அடுத்த வேலை புடிக்கணும். வரலைனா அதே பேப்பர்தான் வக்கீல்கிட்ட போகவும் உதவும். மிச்ச பணத்த இனி கட்டம் கட்டமா குடுங்க, உள்பூச்சு முடிஞ்சா இவ்வளவு, வெளிப்பூச்சுக்கு இவ்வளவுனு, கடைசி அஞ்சு சதவீதம் ஒரு மழைக்காலம் தாண்டுனப்புறம்னு எழுதி வாங்கிக்கங்க. வீடியோ கால்ல வேலைய காட்டும்போது சுவர் பக்கத்துல டேப்ப விரிச்சு பிடிக்க சொல்லுங்க, வெறும் கேமராவ சுத்தி காட்டுனா எல்லா வீடும் முடிஞ்ச மாதிரிதான் தெரியும்.