பழைய லொறிக்கு இரண்டு இலட்சம் செலவழிப்பதா, லீசிங்கில் வேறு லொறி எடுப்பதா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் ஊர்காவற்றுறை. கணவர் 1994 ஆம் ஆண்டு இசுசு எல்ஃப் லொறியில் யாழ்ப்பாணத்துக்கு மீன் ஏற்றுகிறார். போன கிழமை அல்லைப்பிட்டியில் பிறேக் பைப் வெடித்துவிட்டது. நல்ல காலம், மெதுவாக வந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. கராச்காரர் பிறேக் பைப் எல்லாவற்றையும், ஸ்பிரிங் நுனியில் இருக்கிற றப்பர் புஷ்களையும் மாற்ற வேண்டும், 215,000 ரூபா வரும் என்கிறார். கனடாவில் இருக்கிற அண்ணா லொறியை விற்கச் சொல்கிறார். விற்றால் 15 இலட்சம் வரும், அவர் 10 இலட்சம் தருவார், மிச்சம் 40 இலட்சத்துக்கு 14 வீத வட்டியில் ஐந்து வருஷ லீசிங் எடுக்கலாம் என்று கணக்கு. டீசல், ஐஸ், உதவியாள் சம்பளம் போக மாதம் 110,000 கையில் வரும். வீட்டுச் செலவு 85,000. மகளின் படிப்புக்கென்று 400,000 நிலையான வைப்பில் இருக்கிறது, முதிர இன்னும் ஏழு மாதம். வெடித்த பைப்பை மட்டும் ஒட்டு வைத்து ஓடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் காசைப் பற்றி இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பைப் முழுதும் மாற்றும் வரை அந்த லொறி பண்ணைப் பாலத்தில் ஏறக்கூடாது. இடையில் மீன் ஏற்ற வேண்டுமென்றால் வேறு லொறியை வாடகைக்குப் பிடியுங்கள். வாடகை கட்டினால் அந்த நாட்களில் இலாபமே வராது, தெரியும். ஆனாலும் பிடியுங்கள்.

ஒட்டு வைப்பது ஏன் சரிவராது என்றால், அந்தப் பைப் தனியாகப் பழுதாகவில்லை. மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் சேஸி, அதாவது லொறியின் அடிச்சட்டம், முழுக்க ஓடுகிறது, போதாததற்குக் கடல் காற்று. இரும்புப் பைப் வெளியிலிருந்து மெல்ல மெல்ல அரிபட்டு, ஒரு நாள் பெடலை அழுத்தி மிதிக்கும்போது விரியும். ஒரு துண்டு வெடித்துவிட்டதென்றால், அதே வயதில் அதே உப்பில் கிடந்த மற்றத் துண்டுகளும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கும். உங்கள் லொறியில் பிறேக் ஒயில் இரண்டு தனி வழியாகப் போவதால், ஒரு வழி வெடித்தபோது மற்றது பிடித்தது. அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது அதுதான். இரண்டாவது வழியும் அதே வயது.

இப்போது காசுக்கு வருவோம். அண்ணா பாசத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் தருவது முற்பணம், மாதத் தவணை உங்கள் தலையில். 40 இலட்சம், 14 வீதம், 60 மாதம் என்றால் தவணை ஏறத்தாழ 93,000 ரூபா. இப்போதைய வருமானத்தில் அதைக் கட்டினால் வீட்டுக்கு மிஞ்சுவது 17,000. உங்கள் வீட்டுச் செலவோ 85,000. புது லொறி வந்ததற்காகக் கடலில் மீன் கூடப் படப்போவதில்லை. இதே மீனை இதே சந்தைக்குத்தான் ஏற்றப் போகிறார் என்றால் இந்தக் கணக்கு எந்த வழியிலும் நேராகாது. முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 46,000க்கு மேல். ஐந்து மாத வட்டியைக் கூட்டினால் கராச்காரர் கேட்ட முழுத் தொகையையும் தாண்டிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஓடுகிற லொறியைக் கையைவிட்டுக் கொடுத்துவிட்டு அதே மாதிரி ஒன்றைத் திரும்ப வாங்குவது லேசில்லை. பிறேக் பழுது என்று தெரிந்துகொண்டே, அதைச் சொல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டுவதை நான் ஒருபோதும் சொல்லித்தர மாட்டேன். சொல்லி விற்றால் 15 இலட்சம் கிடைக்காது.

ஆகவே திருத்துங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. கராச்காரரை சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக ஸ்பிரிங் பொருத்தியிருக்கிற இடங்களில். துரு மேலோடு மட்டும் என்றால் சரி. சுத்தியல் உள்ளே இறங்குகிறது, தகடு தகடாகக் கழருகிறது என்றால் ஒரு ரூபாவும் போடாதீர்கள், எனக்குத் திரும்ப எழுதுங்கள். அப்போது நான் சொல்லப்போகிற பதில் வேறு.

சேஸி நல்லதென்றால், 215,000 என்று ஒரே தொகையாக வாங்காமல் பில்லை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: பிறேக் வேலை, முன் புஷ், பின் புஷ். உதாரணத்துக்கு பிறேக்குக்கு 85,000, முன்னுக்கு 60,000, பின்னுக்கு 70,000 என்று வைப்போம். பிறேக்கும் முன் புஷ்ஷும் இப்போதே. முன் புஷ் தேய்ந்திருந்தால் பிறேக் பிடிக்கும்போது அச்சு அசைந்து லொறி ஒரு பக்கம் இழுக்கும், டயரும் ஒரு பக்கமாகத் தேயும். புதுப் பிறேக் பலமாகப் பிடிக்க, அந்த இழுவை இன்னும் கூடும். பின் புஷ், கராச்காரர் பார்த்துவிட்டுப் பொறுக்கலாம் என்றால், சில மாதம் பொறுக்கட்டும்.

அப்படியானால் இன்றைக்குத் தேவை 145,000. வைப்பை உடைக்காதீர்கள், உடைத்தால் வட்டியில் வெட்டுவார்கள். அதை ஈடு வைத்து அதே வங்கியில் கடன் கேளுங்கள். வைப்புக்குத் தருகிற வட்டியைவிடச் சில வீதம்தான் கூட எடுப்பார்கள். கடனுக்கு 11 வீதம் என்று வைத்துக்கொள்வோம். செலவு போக உங்களுக்கு மாதம் 25,000 மிஞ்சுகிறதே, அது முழுவதையும் கட்டினால் ஆறு மாதத்தில் கடன் முடிந்துவிடும். மொத்த வட்டி 4,500 ரூபா அளவில்தான் வரும். வைப்பு முதிரும்போது மகளின் காசு வட்டியோடு அப்படியே இருக்கும். அதற்கடுத்த மூன்று மாத மிச்சத்தில் பின் புஷ். இந்த ஒன்பது மாதமும் கலியாண வீட்டு மொய், புது நகை எல்லாவற்றிலும் கையைச் சுருக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் நகையை அடைவு வைக்கத் தேவையில்லை.

கராச்சில் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் இரண்டாம் தரம் காசு போகிற இடங்கள் இவைதான். செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே போடுங்கள், அது துருப்பிடிக்காது. தனிச் செம்பு வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிக்கும். றப்பர் ஹோஸ்களையும் பிறேக் ஒயிலையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது லொறி தன் பாரத்தில் சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜக்கில் தூக்கி வைத்தபடி இறுக்கினால் றப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். பில்லைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். வாகனத்தை ஓடத் தகுந்த நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை காப்புறுதியில் வழக்கமாக இருக்கும், நாளைக்கு ஏதும் நடந்தால் அந்தப் பில்தான் பேசும்.

மீன் தட்டின் அடியில் ஒரு குழாய் வைத்து, உப்புத் தண்ணீர் சேஸியில் படாமல் நேரே நிலத்தில் விழச் செய்யுங்கள். அடிப்பக்கத்தைக் கழுவுவதை உவர்க் கிணற்றில் வைக்காமல், யாழ்ப்பாணத்தில் மீனை இறக்கிய பிறகு நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அண்ணாவுக்கு ஒரு கோல் எடுத்து, லொறி வேண்டாம், அந்தப் பத்து இலட்சத்தில் மனம் வந்ததை மகள் பல்கலைக்கழகம் போகும்போது தாருங்கள் என்று கேளுங்கள்.