‘நெவர்’ எங்கே உட்காரும்? – கேள்வி பதில்

சேலத்தில் 28 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பிரசன்ட் பெர்ஃபெக்டில், அதாவது ஹேவ் அல்லது ஹேஸோடு வினையின் மூன்றாம் வடிவம் (கோன், சீன் போன்றவை) சேரும் வாக்கியத்தில், ஆல்வேஸ், நெவர் போன்ற சொற்களைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் சில.

ஓமலூர் மாணவி: டீச்சர், ஆல்வேஸ், ஆஃபன், நெவர் எல்லாம் வாக்கியத்தில் எங்கே வரும்?

ஹேவ் அல்லது ஹேஸுக்கும் வினையின் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவில், கண்ணு. ‘ஷி ஹேஸ் ஆல்வேஸ் லைக்ட் மேங்கோஸ்.’ தட்டுவடை செட்டில் பீட்ரூட் துருவலும் சட்னியும் எங்கே இருக்கும்? இரண்டு தட்டுவடைக்கு நடுவில்தானே. துணைவினை இரண்டு வந்தால் முதலாவதுக்குப் பின்னால்: ‘தி ரோடு ஹேஸ் ஆஃபன் பீன் க்ளோஸ்ட்.’ எண்ணிச் சொல்கிறவை மட்டும் கடைசிக்குப் போகும்: ‘ஐ ஹேவ் பீன் டு ஏற்காடு ட்வைஸ்.’ த்ரீ டைம்ஸ், மெனி டைம்ஸும் அப்படியே. சம்டைம்ஸ் ஓர் ஊர்சுற்றி. முன்னால், நடுவில், கடைசியில், எங்கும் இருக்கும்.

ஆத்தூர் வாசகர்: ‘ஐ ஹேவ் நாட் நெவர் கோன் டு ஏற்காடு.’ சரியா?

இரண்டு இடத்தில் இடிக்கிறது. தமிழில் ‘ஒருபோதும் போனதில்லை’ என்கிறோம். ‘ஒருபோதும்’ தனியாக நிற்காது, பின்னால் ‘இல்லை’ போல ஓர் எதிர்மறை வந்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் நாட் நுழைகிறது. நெவருக்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது. நெவரோடு நாட் சேர்க்காதீர்கள். அப்புறம், ‘ஹேஸ் கோன்’ என்றால் ஆள் இன்னும் மலைமேலேயே இருக்கிறார். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி வீடு வந்து சேர்ந்தாயிற்று என்றால் பீன். ‘ஐ ஹேவ் நெவர் பீன் டு ஏற்காடு.’ (ஆத்தூரிலிருந்து இன்னுமா போகவில்லை?)

வாழப்பாடி மாணவர்: எவர் எப்போது வரும்?

பெரும்பாலும் கேள்வியில். ‘ஹேவ் யூ எவர் பீன் டு ஏற்காடு?’ ‘போனதுண்டா’ என்கிறோமே, அந்த ‘உண்டு’தான் இது.

சூரமங்கலம், அலுவலக ஊழியர்: எங்கள் ஆபீஸில் எல்லாரும் ‘ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே’ என்றுதான் எழுதுகிறோம். யாருக்கும் புரியாமல் போனதில்லை. என்ன தப்பு?

புரியும், சார். நம் காதுக்கு அது ஏன் உறுத்துவதில்லை என்பதுதான் சுவாரசியம். ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பது குறையில்லாத தமிழ். ‘இருக்கிறேன்’ என்பதற்கு ஹேவ், ‘நேற்று’ என்பதற்கு எஸ்டர்டே என்று போட்டுவிடுகிறோம். ஆனால் ஆங்கில ஹேவ், இந்த நிமிடம் வரை நீள்கிற காலத்தைப் பேசும். எஸ்டர்டே முடிந்துபோன நாள். ஒன்றோடொன்று ஒட்டாது. ‘ஐ சென்ட் இட் எஸ்டர்டே’ என்று எழுதுங்கள். நாள் வேண்டாமென்றால் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்’. எண்ணிக்கைக்கும் இதே கதைதான். இதுவரை இரண்டு தடவை என்றால் ‘ஐ ஹேவ் பீன் தேர் ட்வைஸ்’. போன வருடம் இரண்டு தடவை என்றால் ‘ஐ வென்ட் தேர் ட்வைஸ் லாஸ்ட் இயர்’.

அவரே மறுபடியும்: அமெரிக்காக்காரன் ‘ஹேவ் யூ எவர்’ என்பதற்குப் பதில் ‘டிட் யூ எவர்’ என்கிறான். அவன் மாற்றலாம், நாம் மாற்றக் கூடாதா?

அவன் ஹேவை விட்டுவிட்டான். ஹேவையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் எஸ்டர்டேயை உட்கார வைக்கவில்லை. ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. இந்திய ஆங்கிலத்தில் ஹேவோடு எஸ்டர்டே சேர்ப்பது பரவலாக இருப்பதை மொழியியலாளர்களே குறித்திருக்கிறார்கள். பக்கத்து மேசைக்கு எழுதும்போது உங்கள் இஷ்டம். தேர்வுத்தாளிலும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமும் வேண்டாம்.

மேட்டூர் வாசகி: டீச்சர், நெவர் எங்கே வரும்?

முதல் பதில்.

சங்ககிரி வாசகர்: ஹேவுக்கு முன்னால் நெவர் வரவே வராதா?

முதல் பதிலையே சொல்ல இருந்தேன், ஆனால் இது நல்ல கேள்வி. வரும். அழுத்திச் சொல்ல நெவரை முன்னால் கொண்டுவந்தால் ஹேவும் எழுவாயும் இடம் மாறும்: ‘நெவர் ஹேவ் ஐ சீன் சச் மிஸ்ட்.’ மேடைக்கு அழகு. பஸ்ஸில் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கேயும் நாட் கிடையாது.

எடப்பாடி வாசகர்: நல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு சொல்லுங்கள்.

வகுப்பு சிபாரிசு செய்வதில்லை.

சூரமங்கலத்தார், மூன்றாம் முறை: ‘ஐ ஹேவ் நெவர் லாஸ்ட் ஆன் ஆர்கியுமென்ட்.’

நெவர் சரியான இடத்தில் இருக்கிறது, சார். இலக்கணம் சரி, தகவல்தான் தப்பு.