துன்பியல் நாயகனின் பெயரை மகனுக்கு வைக்கலாமா?

கேள்வி: பிறக்கப்போகும் மகனுக்குப் பழைய துன்பியல் நாடகங்கள், காவியங்களிலிருந்து பெயர் வைக்க ஆசை. "அற்பாயுசில் போனவன் பேரா?" என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கதையில் அவன் செத்தானா என்று பார்த்தால் ஒரு பெயரும் மிஞ்சாது. துயரம் பெயருக்குள்ளேயே இருக்கிறதா, கதையில் மட்டும்தானா என்று பாருங்கள்.

சில கிரேக்கப் பெயர்களில் அது வேரிலேயே உண்டு. ஈடிபஸ் என்றால் வீங்கிய பாதம்; குழந்தையிலேயே கணுக்காலைத் துளைத்துக் காட்டில் விடக் கொடுத்ததால் வந்த பெயர். பெந்தியஸ் என்பதில் 'பெந்தோஸ்', அதாவது துக்கம், ஒலிக்கிறது. அஜாக்ஸின் கிரேக்க வடிவம் 'ஐயாஸ்'. சோஃபக்ளீஸ் நாடகத்தில் அவனே தன் பெயரை 'ஐயையோ' என்ற ஓலத்தோடு சேர்த்துப் புலம்புகிறான். இவற்றை விட்டுவிடுங்கள்.

ஹோமரின் 'இலியட்' காவியத்தில் வரும் டிராய் வீரன் ஹெக்டர் அப்படியல்ல. 'தாங்கிப் பிடிப்பவன்' என்று பொருள். போருக்குப் போகுமுன் மகனைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை வீறிடுகிறது. சிரித்தபடி கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வாரி எடுக்கிறான். மகனுக்கு வைக்க இதைவிட நல்ல அப்பா பெயர் ஏது? சிக்கல் ஒன்றுதான்: நில அளவு படிக்கும் வகுப்பில் 'ஹெக்டேர்' என்று கிண்டல் வரும்.

கடைசிவரை உயிரோடு இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். பெரியவர்களைச் சமாதானப்படுத்த அவர்கள்தான் வழி. 'லியர் அரசன்' நாடகத்தின் எட்கர், 'மேக்பெத்'தில் கடைசியில் மன்னனாகும் மால்கம், நண்பன் ஹாம்லெட்டின் கதையை உலகுக்குச் சொல்ல விஷத்தைக் குடிக்காமல் நிற்கும் ஹொரேஷியோ. கடைசிப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்ப்பவர் 'ஹொரேட்டியோ' என்றே படிப்பார். எட்கருக்கு அந்தத் தொல்லை குறைவு.

தமிழிலும் வடமொழியிலும் கர்ணன், அபிமன்யு பற்றித் தயங்கவே வேண்டாம், பழகிப்போன பெயர்கள். கர்ணன் பொதுவாகத் தோன்றினால் அவனுடைய இன்னொரு பெயரான வசுசேனன் இருக்கிறது. கோவலன் என்பதுதான் கடினம். கோபாலன் என்பதற்கு நெருங்கிய நல்ல சொல்தான். ஆனால் கேட்டவுடன் மாதவி வீடும் மதுரைக் கொலைக்களமும்தான் நினைவுக்கு வரும். அதே சிலப்பதிகாரத்தில், அடைக்கலக் காதையில், மாடலன் என்ற மறையவன் கோவலனைக் 'கருணை மறவன்', 'செல்லாச் செல்வன்', 'இல்லோர் செம்மல்' என்று அழைக்கிறான். யானையின் பிடியிலிருந்து முதியவரை மீட்டது போன்ற செயல்களுக்காகக் கிடைத்த பட்டங்கள். கோவலனை நினைத்து வைக்க வேண்டுமானால் 'செம்மல்' என்று வையுங்கள். என் முதல் தேர்வு அதுதான்.

முடிவுசெய்யுமுன் பெயரை ஒரு தாளில் எழுதி, கதை தெரியாத நாலைந்து பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். இருவர் தடுமாறினாலே வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். அடுத்து, மாடியிலிருந்து கூப்பிடுவதுபோல் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். 'கர்ணா' நீண்டு ஒலிக்கும். 'எட்கர்' அங்கேயே அறுந்துவிடும், நீட்ட முடியாது. வீட்டில் எப்படிச் சுருக்குவார்கள் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். கிரேக்கத் துன்பியல் நாயகன் ஹிப்போலிட்டஸின் பெயரை வைத்தால் ஒரே வாரத்தில் 'ஹிப்போ' ஆகிவிடுவான். ஆங்கில எழுத்துக்கூட்டலை பிறப்புப் பதிவுக்கு முன்பே ஒன்றாக முடிவுசெய்து, எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுங்கள்.