கேள்வி பதில்: நம் பகுதி கிளினிக்கை எதை வைத்து மதிப்பிடுவது?

பெங்களூரு அரசு மருத்துவமனை ஒன்றில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், நகரத் தமிழர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி (அல்சூர்): எங்கள் தெரு டாக்டரைக் கைராசிக்காரர் என்பார்கள். காய்ச்சல் என்று போனால் ஊசி போட்டு இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார். மறுநாளே எழுந்து நடமாட முடிகிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும், அம்மா?

பதில்: அந்த இரண்டு நிமிடத்தில் அவர் என்ன கேட்டார், எங்கே தொட்டுப் பார்த்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சாதாரண வைரஸ் காய்ச்சல் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் சில நாட்களில் தணிந்துவிடும் என்பதால், மறுநாள் நடமாடியதை மட்டும் வைத்துச் சிகிச்சை சரியானது என்று சொல்லிவிட முடியாது. ஊசியில் ஸ்டீராய்டு (உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து) இருந்தால் காய்ச்சலும் உடம்பு வலியும் சட்டென்று அடங்கும். ஆனால் உள்ளே வேறு கிருமித் தொற்று இருந்தால் அது வெளியே தெரியாமல் முற்றும், சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரையும் ஏறிவிடும். நம் ஊரில் டெங்கு பரவும் மழைக்காலத்தில், வலிக்கென்று டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். ஆகவே, எத்தனை நாளாகக் காய்ச்சல், சிறுநீர் சரியாகப் போகிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டறிந்து, "காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்று வலியோ, விடாத வாந்தியோ, ஈறில் ரத்தமோ கண்டால் அன்றே வாருங்கள்" என்று எச்சரித்து அனுப்புகிற மருத்துவரையே நான் நம்புவேன், அவர் ஊசியே போடாவிட்டாலும்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): எப்போதும் கூட்டம் நிறைந்திருக்கும் கிளினிக் நல்லதுதானே?

பதில்: கட்டணம் குறைவு என்பதற்காகவும் கூட்டம் சேரும். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே கை கழுவுகிறார்களா, புது ஊசியின் உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி (கே.ஆர்.புரம்): அம்மாவுக்கு பி.பி. கூடியிருக்கிறது என்று மாத்திரை எழுதிவிட்டார்கள். அளந்தது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு டிசம்பர் காலையில் என் அக்காவை ஒரு கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவரை உட்கார வைத்த கையோடு, ஸ்வெட்டரின் மேலேயே பட்டையைச் சுற்றி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அளந்து மேல் அளவு 164 என்று எழுதினார்கள். நான் ஸ்வெட்டரைக் கழற்றி, அவரை முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து மறுபடி அளக்கக் கேட்டுக்கொண்டேன், 138 வந்தது. அபாய அளவில் இல்லாதபோது, ஒரே முறை அளந்து ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரையைத் தொடங்குவது முறையல்ல. ஆயினும் அம்மா தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்; வேறொரு நாளில் இப்படி அளக்கச் சொல்லி, மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி (ஜெயநகர்): டாக்டர் முறையாகப் பதிவு பெற்றவரா என்று நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டாலும் தருவதில்லை.

பதில்: கேட்காமலேயே தெரிந்துகொள்ளலாம். கர்நாடகத்தின் 2007ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி, கிளினிக்கின் பதிவுச் சான்றிதழும் கட்டண விவரமும் எல்லோர் பார்வையிலும் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதும், மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள். எழுத்துமூலமாகக் கேளுங்கள்.

கேள்வி (மர்ஃபி டவுன்): என் மாமியாருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். டாக்டர் கன்னடத்தில் என்னிடமே பேசி முடித்துவிடுகிறார். இதையும் குறையாகக் கொள்ளலாமா, அக்கா?

பதில்: நிச்சயமாக, தங்கையே. வலி எங்கே, எப்படி என்பது அவருக்குத்தான் தெரியும். நீங்கள் மொழிபெயர்க்கலாமே தவிர, அவருக்காகப் பதில் சொல்லக் கூடாது. கிளம்புமுன் மாத்திரை அட்டையை மாமியார் கையில் கொடுத்து, எந்த வேளைக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று அவரையே சொல்ல வையுங்கள். அவர் தடுமாறினால் மருத்துவர் இன்னொரு முறை விளக்குகிறாரா, அடுத்தவரைக் கூப்பிட மணி அடிக்கிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.